சாண்டோரினியில் அது நடக்காது
‘கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலா தண்டச் செலவு, இறங்கி நீங்களே சுற்றுங்கள்’ என்று உல்லாசக் கப்பல் பயணம் பற்றிய உங்கள் கட்டுரையில் இருப்பது எல்லா ஊருக்கும் ஒத்துவராது. இத்தாலியின் நேப்பிள்ஸில் கப்பல் ஊரை ஒட்டியே நிற்கும், அங்கே சரி. கிரேக்கத் தீவான சாண்டோரினியில் கப்பல் தள்ளி நின்று சிறு படகில்தான் கரைக்கு அனுப்புவார்கள். தீவின் முக்கிய ஊரான ஃபிராவோ செங்குத்துப் பாறையின் உச்சியில்: கேபிள் கார், கழுதை, இல்லையென்றால் 580-க்கும் மேற்பட்ட படிகள். கப்பல்காரர்களிடம் சுற்றுலா வாங்கியவர்களைச் சாலை உள்ள அதினியோஸ் துறையில் இறக்கிப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள்; நாங்கள் கேபிள் காருக்கு வெயிலில் வரிசையில் நின்றோம். மாலையில் இறங்கும் வரிசை இன்னும் மோசம். கடைசிப் படகைத் தவறவிடக் கூடாதென்று, முட்டிவலியோடு இருந்த அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, கழுதை விட்டையில் வழுக்கி வழுக்கிப் படியிறங்கினோம். அப்புறம் இரவு விருந்துக்கு அவர் வரவே இல்லை, அறையிலேயே தயிர்சாதம் கேட்டார்!