டேக் நம்பரைக் கொடுக்காமலேயே காசு போகும்

கணக்கிலிருந்த காசெல்லாம் பறிபோய் ஒரு பெரியவர் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது, சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது என்ன? "டேக் நம்பரை யாருக்குக் கொடுத்தீங்க?" பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் ஒருமுறை எண்தான் டேக். வங்கி முகப்பிலும் அதே கேள்விதான். கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இந்தக் கேள்விக்கு எத்தனை பேர் தலைகுனிந்து நிற்கிறார்கள்! அவர் யாருக்கும் கொடுக்கவில்லை ஐயா. அவருடைய கைப்பேசிதான் கொடுத்தது.

குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்குக் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வரும். தெரிந்தவர் எண்ணிலிருந்தேகூட வரும், ஏனென்றால் அவருடைய புலனம் ஏற்கெனவே களவு போயிருக்கும். கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடியும். பத்திரிகை என்றால் படமாக இருக்கும், இல்லையேல் பிடிஎஃப். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டில் நிறுவும் செயலி. நிறுவியதும் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும். ‘அலாவ்’ அழுத்திவிட்டால் வங்கி அனுப்பும் டேக் நம்பர் அந்த நொடியே திருடனுக்கும் போய்விடும். சில செயலிகள் தம்மையே முதன்மைக் குறுஞ்செய்திச் செயலியாக மாற்றச் சொல்லும். அதற்கும் சரி என்றால், டேக் வந்ததே உங்கள் கண்ணில் படாது.

கடவுச்சொல் எப்படிப் போனது என்கிறீர்களா? 8 மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்த போலிச் செயலிகளைப் பற்றி ஈசெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2022-இலேயே விவரமாக எழுதிவிட்டார்கள். வீடு சுத்தம் செய்ய ஆள் வேண்டுமா என்று விளம்பரம் வரும். அவர்கள் தரும் செயலியை நிறுவிக் கட்டணம் கட்டப் போனால் அச்சு அசலாக வங்கிப் பக்கம் மாதிரியே ஒன்று. கடவுச்சொல்லைத் தட்டியதும் ‘தவறு’ என்று காட்டும், அதற்குள் அது போய்ச் சேர்ந்திருக்கும். இத்தனை வருடம் கழித்தும் "டேக்கைப் பகிராதீர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் வயிறு எரியாதா?

குறுஞ்செய்தி டேக்கைக் கைவிடும்படி மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொன்னது நல்ல காரியம். இணைப்புள்ள குறுஞ்செய்திகளை 2023 முதல் தடுக்கும்படி தொடர்பு, பல்லூடக ஆணையம் (எம்சிஎம்சி) தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குச் சொன்னதும் நல்லதுதான். ஆனால் அந்தத் தடை புலனத்தில் வரும் கோப்பைத் தொடாது. வங்கிச் செயலிக்குள்ளேயே ஒப்புதல் தரும் முறை வந்தால், திருடன் ‘அக்சசிபிலிட்டி’ அனுமதியைப் பிடித்துக்கொள்கிறான். உடற்குறை உள்ளவர்களுக்காக வைத்த வசதி அது. அதைக் கொடுத்தால் செயலியே திரையைப் படிக்கும், பொத்தானையும் அழுத்தும். ஆண்ட்ராய்டு 13-இலிருந்து, பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து நிறுவிய செயலிக்கு அதைச் சுலபமாகக் கொடுக்க முடியாது. அதனால்தான் அந்தத் தடையை உங்கள் கையாலேயே நீக்கவைக்கப் போன் போட்டு, "மேல மூணு புள்ளி இருக்கு பாருங்க ஆன்ட்டி, அதை அழுத்துங்க" என்று இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள்.

அம்மா அப்பா கைப்பேசியை இன்றைக்கே வாங்கிப் பாருங்கள். செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் அக்சஸ், அதற்குள் இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ். அங்கே வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். புதிய சாம்சுங் என்றால் ‘ஆட்டோ பிளாக்கர்’ போட்டுவிடுங்கள், வெளிச் செயலி எதையும் நிறுவவிடாது. கைப்பேசிக்கு ஏற்ப இந்தப் பெயர்கள் கொஞ்சம் மாறும்.

ஏற்கெனவே நிறுவிவிட்டார்களா? விசாரணை வைக்காதீர்கள், ஒவ்வொரு நிமிடமும் காசு ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும். ஏரோபிளேன் மோடைப் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா பாருங்கள். வேறு போனிலிருந்து வங்கியின் அவசர எண்ணுக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். காசு போயிருந்தால் உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997, பிறகு போலீஸ் புகார். புலன உரையாடலையும் கோப்பின் பெயரையும் இன்னொரு போனால் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் செயலியை நீக்க வேண்டும். செயலி போக மறுத்தால் சேஃப் மோடில் முயலுங்கள், கடைசியில் ஃபேக்டரி ரீசெட் செய்தே ஆக வேண்டும். நிறையப் பேர் செயலியை நீக்கியதோடு விட்டுவிடுகிறார்கள். கடவுச்சொல் இன்னும் அவன் கையில்தானே இருக்கிறது! அதை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள், மின்னஞ்சலுடையதையும் சேர்த்து.