பூண்டுக் குழம்பு வேறு, பூண்டு கேப்சூல் வேறு

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அதே ஃபார்வர்டு: "தினமும் நாலு பல் பச்சைப் பூண்டு, ஒரு ஸ்பூன் மஞ்சள், இஞ்சிச் சாறு. ரத்தம் உறையவே உறையாது, மாத்திரையைத் தூக்கிப் போடுங்க." முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பாதி உண்மை இருக்கிறதே, அதுதான் தொந்தரவு.

பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின், அதிலிருந்து வரும் அஜோயின் இரண்டுக்கும் ரத்தம் உறையத் தொடங்கும்போது தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும் குணம் உண்டு. இஞ்சி, கிராம்பும் ஓரளவுக்கு அப்படித்தான். ஆனால் இவற்றில் பலவும் ஆய்வகத்தில், செறிவான சாற்றை வைத்துப் பார்த்தவை. வதக்கிக் கொதிக்கவிட்ட குழம்பில் அந்த வீரியமெல்லாம் பெரிதாக மிஞ்சாது. பட்டையையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அதிலுள்ள கூமரின் ரத்தம் உறைவதைத் தடுக்காது. இனிப்புக் குளோவர் என்ற தீவனப் பயிரின் பூஞ்சை பிடித்த வைக்கோலில் அது டைகூமரால் என்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளாக மாறி மாடுகளைக் கொன்றது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை அந்த வழியில் வந்தது, அவ்வளவுதான் உறவு.

மஞ்சள் கதையே தனி. மஞ்சள்பொடியில் அதன் முக்கியப் பொருளான குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான், அதையும் குடல் சரியாக உறிஞ்சாது. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியதாக 1998-ல் பெங்களூரு ஆய்வொன்று காட்டியது. கேப்சூல் விற்பவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வார்ஃபரினில் நிலையாக இருந்த ஒருவர் மஞ்சள் சப்ளிமெண்ட் ஆரம்பித்த சில வாரங்களில் அவருடைய ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) 10-ஐத் தாண்டியதாக 2018-ல் நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான மெட்சேஃப் எச்சரித்தது. பலருக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டிய எண்.

இன்னொரு பக்கம், தேவையில்லாத பயம். இதய வால்வு மாற்றிய என் பெரியம்மா, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். "பச்சை நிறத்துல எதுவும் சாப்பிடக் கூடாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ரசத்தில் மிதக்கும் கொத்தமல்லியைக் கூடக் கரண்டி நுனியால் ஒதுக்குவார். அசிட்ரோம், வார்ஃபரின் இரண்டும் ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பவை, அது முருங்கைக்கீரையில் நிறைய இருக்கிறது, எல்லாம் சரி. அதற்காகக் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால், மாத்திரை அளவை அதற்கேற்ப டாக்டர் வைத்துக்கொள்வார். ஒரு மாதம் கீரையையே தொடாமல் இருந்துவிட்டு அடுத்த மாதம் தினமும் கீரைக்கூட்டு என்றால்தான் ஐ.என்.ஆர் ஆட்டம் போடும்.

எனக்கு டாக்டர்கள் மேலும் ஒரு வருத்தம் உண்டு. சர்க்கரை, பிரஷர், அலர்ஜி எல்லாம் கேட்கிறார்கள். "கேப்சூல், சூரணம், லேகியம் ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று பெரியம்மாவிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நம் ஆட்களோ அதையெல்லாம் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, தானாகச் சொல்லவும் மாட்டார்கள். அசிட்ரோமோ, தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெலோ சாப்பிடுபவர்கள், பல் பிடுங்கப் போனாலும் சரி, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கப் போனாலும் சரி, அந்த டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.