பிரேசிலின் தலையெழுத்து 1850 செப்டம்பரில் எழுதப்பட்டது

இத்தனை வளம் இருந்தும் பிரேசிலில் ஏன் இவ்வளவு ஏற்றத்தாழ்வு என்று கேட்டால் ஊழல், பணவீக்கம், ராணுவ ஆட்சி என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. 1964 முதல் 1985 வரை நடந்த ராணுவ ஆட்சி கொடுமையானதுதான். ஆனால் நோயின் வேர் அதற்கும் நூறு வருடம் முந்தையது என்பது என் உறுதியான கருத்து.

1850 செப்டம்பர் 4. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை உண்மையிலேயே நிறுத்திய சட்டம் வந்தது. 1831இலேயே ஒரு தடை இருந்தது, யாரும் மதிக்கவில்லை. சரி, நல்லது என்று நினைப்பதற்குள், அதே மாதம் 18ஆம் தேதி நிலச் சட்டம் வந்துவிட்டது. அரசுப் புறம்போக்கை இனி விலைக்கு வாங்கினால் மட்டுமே சொந்தமாக்கிக்கொள்ள முடியும் என்கிறது அதன் முதல் பிரிவு. காட்டைத் திருத்தி உழுதேன், குடியிருக்கிறேன் என்று இனி யாரும் புதிதாக உரிமை கோர முடியாது. விடுதலையாகிறவன் தனக்கென ஒரு காணி தேடிக்கொண்டால் காபித் தோட்டத்துக்கு ஆள் எங்கே கிடைக்கும்? அந்தக் கணக்கு முதலாளிகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

1888 மே 13 அன்று இளவரசி இசபெல் கையெழுத்திட்ட விடுதலைச் சட்டத்தில் இரண்டே பிரிவுகள். அடிமை முறை ஒழிந்தது என்பது ஒன்று. இதற்கு முரணான சட்டங்கள் செல்லாது என்பது இன்னொன்று. அவ்வளவுதான். ஒரு குழி நிலம்கூடக் கொடுக்கவில்லை. விடுதலையானவர்களுக்கு நிலம் கொடுங்கள் என்று பொறியாளர் ஆந்த்ரே ரெபோசாஸ் மன்றாடிக்கொண்டிருந்தார், அவரே கறுப்பினத்தவர். 1889இல் முடியாட்சி கவிழ்ந்ததும் பேரரசரோடு அவரும் நாட்டைவிட்டுப் போனார். பணம் இல்லாமலா கொடுக்கவில்லை? இத்தாலியிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களுக்கு சாவோ பாவ்லோ அரசு கப்பல் கட்டணமே கட்டியது. வந்த ஏழைகள்மேல் எனக்குக் கோபமில்லை. கஜானாவைத் திறந்தவர்கள் யாருக்குத் திறந்தார்கள் என்பதுதான் கேள்வி.

ரியோவின் வலோங்கோ துறையைப் பாருங்கள். ஏறத்தாழ 9 லட்சம் ஆப்பிரிக்கர்கள் வந்திறங்கிய இடம். 1843இல் பேரரசி தெரசா கிறிஸ்டினாவை வரவேற்க, அந்தக் கரடுமுரடான கற்களின் மேலேயே நேர்த்தியான கல்தளம் போட்டு மூடினார்கள். 2011இல் துறைமுகப் பகுதியில் சீரமைப்பு வேலை நடந்தபோதுதான் அது வெளியே வந்தது. கூடவே தாயத்துகள், சோழிகள், நாரில் முடைந்த மோதிரங்கள். எல்லாம் பறிக்கப்பட்ட மனிதர்கள் கடைசியாக வைத்திருந்த உடைமைகள் அவை. 2017இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கல்லுக்குக் கிடைத்த மரியாதை மனிதர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. தப்பியோடிய அடிமைகளும் விடுதலையானவர்களும் உருவாக்கிய ஊர்களை அங்கே கிலோம்போ என்பார்கள். அந்த நிலங்களுக்குப் பட்டா கொடுக்க வேண்டும் என்று 1988 அரசியல் சாசனமே சொல்கிறது. அந்தச் சமூகத்தினரைத் தனியாகக் கணக்கெடுத்ததே 2022இல்தான்: 13 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பட்டா கிடைத்த நிலத்தில் வாழ்கிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. பிரேசில் வளர்ச்சி பற்றிப் பேசும் எந்த அரசும் முதலில் முடிக்க வேண்டிய வேலை அந்தப் பட்டாதான்.