வேலைக்குப் போகலாம், வண்டி ஓட்டக் கூடாதாம்

"கணினி உங்களை உறுதி செய்யவில்லை" என்றார் அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் கவுண்டரில் இருந்த அம்மையார். உறுதி செய்யப்படாத நான் அவருக்கு இரண்டடி முன்னால், முழு உடம்போடு, மூக்கும் முழியுமாக நின்றுகொண்டிருந்தேன்.

எச்1பியில், அதாவது அமெரிக்காவில் வேலை பார்க்கத் தரும் தற்காலிக விசாவில், காலம் தள்ளுகிறவர்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் மாநிலத்தில் விசாக் காலம் என்று முடிகிறதோ அன்றே ஓட்டுநர் உரிமமும் செத்துவிடும். நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை 240 நாள் வேலை பார்க்கலாம் என்று சட்டம் பெருந்தன்மையோடு சொல்கிறது. வேலை பார்க்கலாம், வரி கட்டலாம். ஆனால் அந்த வேலைக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. பஸ் என்ற ஒன்றே வராத, நடைபாதைகூட இல்லாத புறநகரில் குடியிருப்பவன் பறந்து போக வேண்டும்போல. மனைவியை ஓட்டச் சொல்லலாமே என்று கேட்பவர்களுக்கு: அவளுடைய விசா என் விசாவில் தொங்குகிறது, அவளுடைய உரிமமும் அதே நாளில் போய்விட்டது. வாசலில் இரண்டு கார்கள், வீட்டுக்குள் இரண்டு ஓட்டுநர்கள், காய்கறி வாங்க வாடகைக் கார்.

ஒருவழியாக நீட்டிப்புக்கு ஒப்புதல் வந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு ஓடினேன். பாஸ்போர்ட், நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவு, ஐ-797 என்ற அந்த ஒப்புதல் கடிதம், வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, வங்கிக் கணக்கறிக்கை எல்லாம் கோப்பில் இருந்தன. என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு காகிதம் தேவைப்படவில்லை.

முதலில் என் பெயரில் பிடித்தார். நம் ஊர் வழக்கப்படி எனக்கு ஒரே பெயர். அப்பா பெயர் வெறும் தலைப்பெழுத்து. அமெரிக்கக் கணினிக்கு இரண்டு கட்டங்கள் நிரம்பியாக வேண்டும். அதனால் விசாவில் முதல் பெயர்க் கட்டத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சடித்துவிட்டார்கள், அதாவது முதல் பெயர் தெரியாதவன். அம்மையார் கண்ணாடியை மேலேற்றி, "மிஸ்டர் ஃப்னூ, பழைய உரிமத்தில் ஃப்னூ முன்னால் இருக்கிறது, இந்தக் கடிதத்தில் பின்னால் இருக்கிறதே?" என்று கேட்டார். "இரண்டுமே நான் வைத்த பெயர் இல்லை அம்மா" என்றேன். சிரிக்கவில்லை. உள்ளே போனார், யாரையோ கேட்டார், வந்தார், மறுபடி உள்ளே போனார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என் முதுகைப் பார்த்த பார்வை சட்டையைத் தாண்டிச் சுட்டது.

பிறகு கண் பரிசோதனை. நான்காவது வரியைப் படிக்கச் சொன்னார், படித்தேன். புகைப்படத்துக்கு நிற்கச் சொன்னார், நின்றேன். கட்டணத்தைக் கேட்டார், கொடுத்தேன். வாங்கிக் கல்லாவில் போட்ட பிறகு, கவனியுங்கள், போட்ட பிறகுதான், அந்தக் கணினி வாக்கியம் வந்தது. நான் இருக்கிறேனா என்பது சந்தேகமாம். இல்லாதவனுடைய கண்பார்வை மட்டும் நன்றாக இருக்கிறதாம். இல்லாதவன் கொடுத்த பணமும் செல்லுமாம்.

யாரிடம் உறுதி செய்ய வேண்டும் என்று கேட்டேன். குடியேற்றத் துறையின் தரவுத்தளத்தில் கேட்டிருக்கிறார்களாம், பதில் வர நாளாகுமாம். என் கையில் இருக்கும் ஒப்புதல் கடிதத்தை அனுப்பியதே அந்தக் குடியேற்றத் துறைதான்! அவர்கள் கொடுத்த கடிதம் உண்மைதானா என்று அவர்களையே கேட்கிறார்கள். அவர்களும் யோசித்துச் சொல்கிறோம் என்கிறார்கள்.

இதற்கு மேல்தான் அந்த அம்மையார் கனிவோடு ஒன்று சொன்னார். "இத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்களே, குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிடலாமே?"

அடடா! எனக்குத் தோன்றாமல் போயிற்றே! முதலில் கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, வேண்டும் தாயே. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. வேலை அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டுகள், மனைவி மக்களையும் சேர்த்து. எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம். நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் அதே உச்சவரம்பு, நூற்று நாற்பது கோடி பேர் உள்ள இந்தியாவுக்கும் அதே உச்சவரம்பு. இதற்குச் சமத்துவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதில் பாஸ்போர்ட் எந்த நாடு என்று பார்ப்பதில்லை, பிறந்த நாடு எது என்றுதான் பார்க்கிறார்கள். எங்கள் அப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று பாட்டி ஒற்றைக்காலில் நின்றதால், அம்மா மன்னார்குடிக்கு வந்து என்னைப் பெற்றார். தம்பி மஸ்கட்டிலேயே பிறந்தான். ஒரே வயிறு, ஒரே நாட்டுப் பாஸ்போர்ட், எனக்குப் பின்னால் அமெரிக்கா வந்தவன், எனக்குப் பின்னால் விண்ணப்பித்தவன். இரண்டே வருடத்தில் கிரீன் கார்டு வாங்கிவிட்டான். இப்போது குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று எனக்கே தொலைபேசியில் கேள்வி போட்டுப் பார்க்கிறான். நாடாளுமன்ற மேலவையான செனட்டில் எத்தனை உறுப்பினர்கள் என்று கேட்கிறான். நூறு பேரடா, நூறு பேரும் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர்கள்! பாட்டி, உன் பூண்டுக் குழம்புப் பத்தியத்துக்கு நான் கொடுத்துக்கொண்டிருக்கும் விலை உனக்குத் தெரியுமா?

என் முன்னுரிமைத் தேதி, அதாவது கிரீன் கார்டு வரிசையில் நான் இடம் பிடித்த நாள், 2015 மார்ச். எந்தத் தேதிக்காரர் வரைக்கும் முறை வந்திருக்கிறது என்று அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில், 2022 செப்டம்பரில், இந்தியாவின் இ.பி.-2 வரிசை (என்னைப் போன்றவர்கள் நிற்கும் வேலைப் பிரிவு) 2014 டிசம்பர் 1 வரைக்கும் வந்துவிட்டது. சில மாதங்கள்தான் பாக்கி! பாயசமா, கேசரியா என்று வீட்டில் விவாதமே நடந்தது. அடுத்த மாதப் புல்லட்டினில் தேதி 2012 ஏப்ரலுக்குப் போயிற்று. 2023இல் 2011 ஜனவரிக்கே போயிற்று. உலகத்தில் எந்த வரிசையிலாவது நின்ற இடத்திலேயே நின்றும் பின்னால் போனவர்கள் உண்டா?

குடியேற்றச் சட்டத்தில் சீர்திருத்தம் வருகிறது, இதோ வந்துவிட்டது என்று நம்பியே நரைத்தவன் நான். 2013இல் செனட் 68-32 என்று ஒரு பெரிய மசோதாவை நிறைவேற்றியது. கீழவையான பிரதிநிதிகள் சபை அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 2019 ஜூலையில் நாட்டு உச்சவரம்பை நீக்கப் பிரதிநிதிகள் சபையில் 365-65. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து! 2020 டிசம்பரில் செனட்டும் ஒருமனதாக நிறைவேற்றியது. அப்புறம் என்ன என்கிறீர்களா? இரண்டு சபைகளும் நிறைவேற்றிய வடிவங்கள் வேறு வேறாம். ஒன்றாக்குவதற்குள் அந்தக் காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், காலமே முடிந்துவிட்டது. 2022 டிசம்பரில் இன்னொரு மசோதாவை வாக்கெடுப்பு வரைக்கும் இழுத்து வந்து, வாக்கெடுப்பு நடத்தாமலே திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "இந்த முறை நிச்சயம்" என்று எழுதுகிறார். அவரை நீக்கும் அதிகாரம் எனக்கு இல்லை என்பது இன்னொரு வருத்தம்.

பையனுக்கு அடுத்த வருடம் பதினாறு. பழகுநர் உரிமம் எடுக்க அதே கவுண்டருக்குத்தான் அழைத்துப் போக வேண்டும். அவனுக்கு 21 ஆவதற்குள் என் தேதி வராவிட்டால், என் விண்ணப்பத்திலிருந்து உதிர்ந்து தனி ஆளாக வேறு விசா தேடுவான். இங்கேயே வளர்ந்த பிள்ளை. இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பதிவின் தொனி மாறிவிடும், விடுங்கள்.

கடைசியில் அம்மையார் ஒரு காகிதத்தை அச்சடித்துக் கொடுத்தார். உரிமம் இல்லை, உரிமம் கேட்டு நான் வந்து போனதற்கான ஒப்புகை. மூலையில் என் புகைப்படம், கறுப்பு வெள்ளையில், அந்தக் கணினி வாக்கியத்தைக் கேட்பதற்கு முந்தைய நொடியில் எடுத்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறான் திருவாளர் ஃப்னூ. வாடகைக் காரில் ஏறி அதைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை. ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பயத்தோடு பார்த்தார்.

இதையெல்லாம்கூட ஒருநாள் தாங்கிக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரர் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த இலை ஊதும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. துடைப்பம் என்ற பொருளை இந்த நாட்டுக்கு யாருமே காட்டியதில்லையா? மணிக்கணக்காக ஊதுகிறார், அத்தனை இலையையும் என் வாசலுக்கு ஊதுகிறார், ஊதி முடித்துவிட்டு "இனிய வார இறுதி" என்று கையசைக்கிறார்!