அடியில் இருக்கும் அந்தத் திருகு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் போர்ச்சை ஒட்டிய கொட்டகைதான் என் பட்டறை. ஆசையாக, காற்றை அமுக்கித் தரும் கம்ப்ரசர் ஒன்று வாங்கினேன். 2 எச்பி (குதிரைத் திறன்) மோட்டார், 50 லிட்டர் காற்று டாங்கி. கொண்டுவந்தவர்கள் அதைச் சுவர் மூலையில் ஒட்டித் தள்ளி, தரையில் போல்ட் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தண்ணீர் திறந்துவிடும் திருகு டாங்கியின் அடிவயிற்றில் இருக்கிறது. அதைத் தொட, சிமெண்டுத் தரையில் கன்னம் பதியப் படுத்துக் கையை நுழைக்க வேண்டும். ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் இதே பாடு!

நம் ஊர்க் காற்றில் ஈரம் கொஞ்சமா? அமுக்கிய காற்று ஆறும்போது அந்த ஈரமெல்லாம் தண்ணீராகி அடியில் தங்கும். மழை நாளில் திறந்தால் தே-ஓ (பாலில்லாத் தேநீர்) நிறத்தில் துருத் தண்ணீர் சீறும். விட்டுவைத்தால் டாங்கி உள்ளிருந்தே அரித்துப்போகும், ஒருநாள் வெடிக்கவும் கூடும். போன வாரம் தம்பியின் மோட்டார் சைக்கிளுக்குச் சாயம் அடித்தேன். காற்றோடு தண்ணீரும் தெறித்து, பளபளவென்று இருக்க வேண்டிய இடமெல்லாம் கொப்புளம். பிள்ளை முகம் வாடிப்போனது.

அப்புறம் ஒயர். பிளக் தூரம் என்று மெல்லிய எக்ஸ்டென்ஷனில் மாட்டிவிட்டார்கள். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்டு இழுக்கும்; அந்த ஒயரில் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் முனகிக்கொண்டே நிற்கிறது. கம்ப்ரசரைப் பிளக் பக்கம் வைத்து காற்றுக் குழாயான ஹோஸை நீட்டியிருக்கலாமே!

கேட்டால், “எல்லா வீட்டிலும் இப்படித்தான் அண்ணே” என்கிறார்கள். ஓர் அடி முன்னால் இழுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?