கெட்டிக்காரப் பிள்ளை

ஒன்பது வயதில் எனக்குச் சோறாக்கத் தெரியும். அரிசிக்கு மேல் விரலை வைத்து முதல் கணு வரை தண்ணீர் ஊற்று என்று சொல்லிக் கொடுத்துவிட்டு அம்மா பினாங்கின் பாயான் லெப்பாஸில் இருந்த தொழிற்சாலைக்கு இரவு ஷிப்டுக்குப் போய்விடுவார். அப்பா குடித்துவிட்டு எங்காவது கிடப்பார். தம்பிகள் இரண்டு பேர், சின்னவனுக்கு மூன்று வயது, கரண்ட் போனால் வீறிடுவான். புளோக்கில் எல்லாரும் என்னைக் கெட்டிக்காரப் பிள்ளை என்பார்கள். ஆனால் ராத்திரியில் கதவைத் தட்டி, சாப்பிட்டீங்களா என்று கேட்டவர் யாரும் இல்லை.

பள்ளியில் 'என் தாய்' கட்டுரை வந்தது. அம்மா தினமும் கதை சொல்லி எங்களைத் தூங்க வைப்பார் என்று எழுதினேன். நல்ல மதிப்பெண், ஆசிரியை வகுப்பில் வாசித்தும் காட்டினார். பொய் எழுதுகிறோம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நான் படித்த கதைப்புத்தகங்களில் எல்லா அம்மாவும் அப்படித்தான் இருந்தார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் பெற்றோர் வாட்சாப் குழுவில் நடந்த பேச்சு. தனியாக விடப்பட்ட ஒரு பிள்ளையின் கதையைப் பார்த்துவிட்டு, "சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்கு இந்தச் சோகமெல்லாம்" என்று ஒருவர் கேட்க, வரிசையாகப் பலரும் ஆமாம் போட்டார்கள். எந்தப் பிள்ளைகளுக்கு என்றுதான் நான் கேட்கிறேன். அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிற பிள்ளைக்கு அது புதுச் சோகமா?

ரோல்ட் டாலின் சிறுவர் நாவல் 'மெட்டில்டா' எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் வரும், மகளைக் கண்டுகொள்ளாத பெற்றோரை வெறுப்பது சுலபம். நான் அம்மாவின் தொழிற்சாலைச் சட்டையைத் தலையணையில் சுற்றிக்கொண்டு தூங்கியவள், எனக்கு அது எப்படிப் பொருந்தும்? படிவம் 2-இல் ஜாக்குலின் வில்சன் 1999-இல் எழுதிய 'தி இல்லஸ்ட்ரேட்டட் மம்' நாவல் கையில் கிடைத்தது. உடம்பெல்லாம் பச்சை குத்திய, மனநோயுள்ள ஓர் அம்மா, இரண்டு பெண்பிள்ளைகள். சின்னவள் டால்பின் அம்மாவை உயிராக நேசிக்கிறாள், அதே அம்மாவை நினைத்துப் பயப்படவும் செய்கிறாள், வெளியில் தெரிந்தால் பிரித்துவிடுவார்களோ என்று எல்லாவற்றையும் மறைக்கிறாள். கடைசிப் பக்கத்தில் அம்மாவுக்குச் சட்டென்று குணமாகிவிடுவதும் இல்லை. அதைப் படித்து முடித்த அன்றுதான் எங்கள் வீட்டில் நடப்பதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

பெயர் வைக்கப் பெரியவர்களுக்கே நாளாகியிருக்கிறது. சிறுவயதுப் பாதிப்புகளைப் பற்றி அமெரிக்காவில் ஃபெலிட்டி, அண்டா என்ற மருத்துவர்கள் 1998-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் 7 வகைதான் இருந்தன. அடி உண்டு, திட்டு உண்டு, வீட்டில் குடி உண்டு. கவனிக்காமல் விடுவது அந்தப் பட்டியலிலேயே இல்லை, அடுத்த சுற்றில்தான் சேர்த்தார்கள். யார் அடித்தார் என்று கேட்டால் ஒரு பிள்ளை சொல்லிவிடும். யார் தன்னைக் கவனிக்கவில்லை என்று அது எப்படிச் சொல்லும்?

நம் மலேசியாவின் 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, தகுந்த மேற்பார்வை இல்லாமல் பிள்ளையை விட்டுப் போவது குற்றம். அப்படிப் பார்த்தால் என் அம்மா குற்றவாளி, நம் கதைப்புத்தகங்களைக் கேட்டால் தெய்வம். உண்மையில் அவர் வாடகை கட்ட வேண்டியிருந்த ஒரு பெண், ராத்திரியில் பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பெண். அவர்மேல் எனக்குப் பாசமும் இருந்தது, கோபமும் இருந்தது, இரண்டும் சேர்ந்து இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

இங்கே சிறுவர் கதை எழுதுகிறவர்களிடம் கேட்கிறேன். தீபாவளிக்குப் புதுச்சட்டையோடு அழுதுகொண்டு வரும் அப்பாவை வைத்துக் கதையை முடித்துவிடாதீர்கள். வீட்டைச் சுமக்கும் அக்காவுக்குப் பாராட்டுவிழா வைக்காதீர்கள், அந்தப் பாராட்டுதான் என் வாயை அடைத்தது. அப்புறம், கடைசிப் பக்கத்தில் உதவி கேட்டு அழைக்கும் அரசாங்கத் தொலைபேசிச் சேவையான தாலியான் காசேயின் 15999 எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஆயர் ஈத்தாமில் சனிக்கிழமை வாசிப்பு வகுப்பில், நானே எழுதிப் பார்த்த ஒரு கதையை வாசித்தேன். தம்பிகளுக்குச் சோறாக்கிப் போடும் பிள்ளையின் கதைதான். மற்றவர்கள் மைலோ குடிக்கப் போனபிறகு ஆண்டு 4 மாணவி ஒருத்தி மட்டும் பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், அந்த அக்கா எத்தனை மணிக்குத் தூங்குவாங்க?" என்றாள். நீ எத்தனை மணிக்குத் தூங்குவாய் என்று கேட்டேன். கொஞ்சநேரம் காலைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, அம்மா வந்தபிறகு என்றாள்.