மருந்து அடிக்கும் முன் மாத்திரை வேண்டாம்

குறுவையில் இலைச்சுருட்டுப் புழு விழுந்துவிட்டால் டெல்டாவில் டேங்க்கைத் தோளில் மாட்டுபவர்கள் பெரும்பாலும் கூலி ஆட்கள்தான். அவர்களிடம் "முன்னாடியே ஒரு அட்ரோபின் போட்டுக்க, விஷம் ஏறாது" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அட்ரோபின், பூச்சிமருந்து விஷம் ஏறியவருக்கு ஆஸ்பத்திரியில் போடும் முறிவு மருந்து.

ராணுவத்தில் முன்காப்பு மாத்திரை இருப்பது உண்மை. பைரிடோஸ்டிக்மின் 30 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒன்று. 1991 வளைகுடாப் போரில் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். 2003இல் அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது சோமன் என்ற ஒரே நரம்பு நச்சுக்கு மட்டும். நரம்பின் சமிக்ஞையை அடக்கி நிறுத்துவது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. சோமன் பிடித்த அந்த நொதி சில நிமிடங்களில் இறுகிப்போகும், அப்புறம் நொதியை விடுவிக்கும் பிராலிடாக்சிம் ஊசியால் அதை மீட்க முடியாது. அதனால் நொதியில் ஒரு பங்கை மாத்திரை தற்காலிகமாகப் பிடித்து வைத்துப் பிறகு விடுவிக்கிறது. நச்சு தாக்கியதும் அட்ரோபினும் பிராலிடாக்சிமும் போட்டால்தான் அதற்கும் பலன்.

வயல் கணக்கே வேறு. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து பிடித்த நொதி இறுகச் சில மணி நேரமாகும், குளோர்பைரிபாஸ் என்றால் இன்னும் தாமதமாகும். சிகிச்சைக்கு அவகாசம் இருக்கிறது. பைரிடோஸ்டிக்மினோ கார்போபியூரான் பூச்சிமருந்தைப் போல கார்பமேட் என்ற ரசாயன வகை, அதே நொதியைத்தான் அடக்கும்.

அட்ரோபின் நொதியைத் தொடுவதே இல்லை. எச்சில், சளி, வேர்வையை நிறுத்தும். ஆடி வெயிலில் வேர்க்காத உடம்பு சூடேறிச் சுருண்டுவிடும். வாயில் நீர் ஊறுவது போன்ற முதல் அறிகுறிகளும் மறைந்துபோகும். மூச்சுத் தசை தளர்வதையோ அது தடுக்காது.

காக்க வேண்டியது தோலை. கலக்கும்போதுதான் ஆபத்து அதிகம், கையில் இருப்பது தண்ணீர் கலக்காத மருந்து. நைட்ரைல் கையுறை போடுங்கள்; துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும். டேங்க் மூடி கசிந்தால் முதுகு முழுக்க நனையும், வாஷரை முதலில் மாற்றுங்கள். அடைத்த நாசிலை வாயால் ஊதவே கூடாது.

தலைசுற்றல், வாந்தி, பார்வை மங்கல் வந்தால் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தலைமுடி, நகம் வரை கழுவி, 108ஐக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவும் கூடவே போகட்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மறுநாள் தேறிவிட்டாரென்று வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்: 1 முதல் 4 நாளுக்குள் கழுத்துத் தசை தளர்ந்து மூச்சு நிற்கலாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லையென்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது ரத்தப் பரிசோதனையை. பருவம் தொடங்கும் முன் மருந்து அடிப்பவர்களின் கோலினெஸ்டரேஸ் அளவை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே குறித்துவைக்க வேண்டும். கலிபோர்னியாவில் ரத்தச் சிவப்பணுவில் இந்த நொதியின் அளவு அவரவர் பழைய அளவில் 70 சதவீதத்துக்கு இறங்கினால் அந்த வேலையிலிருந்தே நிறுத்துகிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறையில் சம்பா நடவுக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும், செலவைக் கூலி ஆள் தலையில் கட்டாமல்.